அக்குள் வியர்வைக்குப் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேட்டவருக்கு வயது 26. மதுரையில் ஒரு வங்கியில் கவுண்டர் வேலை. எட்டாம் வகுப்பிலிருந்தே அக்குளில் வியர்வை கொட்டுகிறது. ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் சுடிதார் நனைந்துவிடுகிறது. டியோடரண்ட் பலதும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. தோல் மருத்துவர் போடாக்ஸ் ஊசி போடலாம் என்கிறார். "அது விஷ ஊசி, வியர்வை வெளியே வராவிட்டால் கெட்டதெல்லாம் உடம்புக்குள்ளேயே தங்கிவிடும்" என்று அம்மா தடுக்கிறார். தை மாதம் கல்யாணம். போட்டுக்கொள்ளலாமா, வேண்டாமா?

போட்டுக்கொள்ளலாம். நானும் தோல் மருத்துவர்தான். அக்குள் வியர்வைக்கு இருக்கிற சிகிச்சைகளில் இந்த ஊசி அளவுக்கு ஆராயப்பட்டு, இந்த அளவுக்குப் பலன் தருபவை மிகச் சிலவே. ஆனால் ஊசிக்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்த்தாக வேண்டும். ஒன்று, இந்த வியர்வை வேறு ஏதாவது நோயின் அறிகுறியாக வருகிறதா என்பது. இன்னொன்று, அலுமினியம் குளோரைடு மருந்தை முறையாகப் பூசிப் பார்த்தீர்களா என்பது. நீங்கள் எழுதியதில் டியோடரண்ட் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவதைச் செய்யாமல் நேராக ஊசிக்குப் போனால், சில நூறு ரூபாயில் தீர்ந்திருக்கக்கூடிய பிரச்சினைக்குப் பல ஆயிரம் செலவழித்ததாக ஆகிவிடும்.

முதலில், இது ஒரு நோய்தான் என்பதை வீட்டில் உள்ளவர்களும் புரிந்துகொள்ள வேண்டும். சுத்தமில்லாததால் வருவதல்ல, பயந்த சுபாவத்தால் வருவதல்ல, உடம்புச் சூட்டால் வருவதும் அல்ல. மருத்துவத்தில் இதை முதல்நிலை அதிவியர்வை, அதாவது பிரைமரி ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்கிறோம். அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி அங்கே நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு அதிவியர்வை இருக்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு அது அக்குளில். இவர்களுடைய வியர்வைச் சுரப்பிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் எண்ணிக்கையிலும் சரி, உருவத்திலும் சரி, மற்றவர்களுடையதைப் போலவேதான் இருக்கும். கோளாறு சுரப்பியில் இல்லை, அதை இயக்கும் நரம்பில். குழாய் நன்றாக இருக்கிறது, மோட்டாரை யாரோ அணைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ஏசி அறையிலும் நிற்காமல் வருகிறது. கவுண்டருக்கு முன்னால் வரிசை நீண்டதும், மேலாளர் கூப்பிட்டதும் இன்னும் கூடுகிறது. தூங்கும்போது மட்டும் அநேகமாக நின்றுவிடுகிறது.

இந்தத் தூக்கத்தில் நிற்பது முக்கியமான அடையாளம். தெரிந்த காரணம் ஏதும் இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் அதிகமாக வியர்த்து, அதோடு இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் முதல்நிலை அதிவியர்வை என்று முடிவு செய்கிறோம்: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வியர்ப்பது, வாரத்தில் ஒரு முறையாவது இப்படி ஆவது, அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருப்பது, 25 வயதுக்கு முன்பே தொடங்கியது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருப்பது, தூக்கத்தில் நிற்பது. எட்டாம் வகுப்பில் தொடங்கியது என்று நீங்கள் எழுதியதே பாதிப் பதில். அப்பா, அத்தை, சித்தப்பா யாருக்காவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இதைப் பற்றி வெளியே பேசாத குடும்பங்களே அதிகம் என்பதால், கேட்ட பிறகுதான் "எனக்கும் சின்ன வயதில் இருந்து இப்படித்தான்" என்று யாராவது சொல்வார்கள்.

இதற்கு மாறான அறிகுறிகள் இருந்தால் ஊசிப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இரவில் படுக்கை நனையும்படி வியர்ப்பது, சாயங்காலக் காய்ச்சல், உடல் எடை குறைவது எல்லாம் சேர்ந்து வந்தால் காசநோய், நிணநீர்க்கட்டிப் புற்றுநோய் போன்றவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது என்றால் தைராய்டு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் வியர்வையைக் கூட்டும். ஒரே பக்கம் மட்டும் வியர்ப்பது, நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, உடம்பு முழுக்க வியர்ப்பது எல்லாமே விசாரிக்க வேண்டியவை. உங்கள் விஷயத்தில் இவை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் தைராய்டு சோதனை இதுவரை செய்ததில்லை என்றால் ஒரு முறை செய்துவிடுங்கள்.

சரி, அலுமினியம் குளோரைடுக்கு வருகிறேன். டியோடரண்ட் என்பது வாடையை மறைப்பது, வியர்வையை நிறுத்தாது. வியர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரண்ட். அதில் உள்ள அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாயில் போய் அடைப்பாக உட்காருகிறது. சவரக் கடையில் முகத்தில் தேய்க்கும் படிகாரக் கல்லும் ஓர் அலுமினிய உப்புதான். நம் பாட்டிகள் அக்குளில் படிகாரம் தேய்க்கச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் அளவு வியர்வைக்கு அதன் வீரியம் போதாது. மருத்துவர் எழுதித் தருவது 20 சதவீத அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் கரைசல்.

இதைத் தவறாகப் பூசிவிட்டு "எரிச்சல்தான் வந்தது, பலன் இல்லை" என்று திரும்பி வருபவர்கள் ஏராளம். காலையில் குளித்துவிட்டு ஈரத்தோடு பூசினால் இரண்டு கெடுதல்கள். பகலில் பொங்கி வரும் வியர்வை மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும். ஈரத்தோடு சேர்ந்த அலுமினியம் குளோரைடு அமிலமாக மாறித் தோலை எரிக்கும். இரவு படுக்கப் போகும் முன், வியர்வை அடங்கிய பிறகு, அக்குளை நன்றாகத் துடைத்து, ஹேர் டிரையரின் குளிர்ந்த காற்றில் உலர்த்திவிட்டு மெல்லிய படலமாகப் பூசுங்கள். காலையில் கழுவிவிடுங்கள். வியர்வை குறையும் வரை தினமும் இரவு, அப்புறம் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். முடி மழித்த அன்றும் மறுநாளும் பூச வேண்டாம். அரிப்பும் சிவப்பும் வந்தால் ஓரிரு நாள் இடைவெளி விட்டு, வீரியம் குறைந்த ஸ்டீராய்டு களிம்பு ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அலுமினியம் பூசினால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பயத்துக்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை.

ஒரு மாதம் இப்படி ஒழுங்காகச் செய்தும் வியர்வை நிற்கவில்லை, அல்லது எரிச்சல் தாங்க முடியவில்லை என்றால் ஊசி உங்களுக்கானதுதான். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004 ஜூலையில் போடாக்ஸுக்கு இந்த உபயோகத்தில் அனுமதி தந்தபோதும், பூச்சு மருந்துகளுக்குப் போதுமான அளவில் கட்டுப்படாத கடுமையான அக்குள் வியர்வைக்கு என்றுதான் தந்தது. கடுமை என்பதை அளக்க நாலு படி கொண்ட ஒரு கேள்வி உண்டு. வியர்வை என் கவனத்துக்கே வருவதில்லை என்பது ஒன்று; பொறுத்துக்கொள்ளலாம், சில நேரம் இடைஞ்சல் என்பது இரண்டு; பொறுப்பது கஷ்டம், அடிக்கடி இடைஞ்சல் என்பது மூன்று; பொறுக்கவே முடியாது, எப்போதும் இடைஞ்சல் என்பது நான்கு. மூன்றும் நான்கும் கடுமை. கை தூக்கக் கூசி, கறுப்புத் துணி மட்டுமே தேடித் தேடி வாங்கி, அலுவலகத்துக்கு மாற்றுடை எடுத்துப் போகிறவர்கள் அநேகமாக மூன்றுக்குக் கீழே சொல்வதில்லை.

இனி அம்மாவின் கேள்வி. விஷமா என்றால், விஷம்தான். அதை மறைத்துப் பேசி யாரையும் சம்மதிக்க வைக்கக் கூடாது. போட்டுலினம் என்ற கிருமி சுரக்கும் நச்சு இது. 1820-களில் ஜெர்மனியில் கெட்டுப்போன சாசேஜ் சாப்பிட்டுச் செத்தவர்களை ஆராய்ந்த யூஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், அந்த நோயாளிகளுக்குத் தசைகள் செயலிழந்ததோடு வாயும் தோலும் வறண்டு, வியர்வையும் நின்றுபோனதைக் குறித்து வைத்தார். நோயை உண்டாக்கும் இதே பொருள் மிகக் குறைந்த அளவில் மருந்தாகலாம் என்றும் அவர் அப்போதே எழுதினார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் அதை மாறுகண்ணுக்குப் பயன்படுத்திக் காட்டினார். 1989-ல் மருந்தாக அனுமதி கிடைத்தது. முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் நோய்க்கு இந்த ஊசி போட்டவர்களுக்கு அந்த இடத்தில் வியர்ப்பதில்லை என்பதை 1994-ல் புஷாரா, பார்க் என்ற இருவர் எழுதினார்கள். அக்குளுக்குப் போகும் வழி அப்படித்தான் திறந்தது.

அளவுதான் இங்கே எல்லாமும். ஓர் அக்குளுக்கு 50 யூனிட், இரண்டுக்கும் சேர்த்து 100. பக்கவாதம் வந்து கைகால் இறுகிப்போனவர்களுக்கு இதே மருந்தை ஒரே அமர்வில் 300, 400 யூனிட் வரை போடுகிறோம். மூளை வாதம் உள்ள குழந்தைகளின் கால் தசைகளுக்கும் போடுகிறோம். உங்களுக்குப் போடுவது தசைக்குள்கூடப் போவதில்லை, தோலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அங்கே அது என்ன செய்கிறது? வியர்வை நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சிறு பைகளில் தயாராக இருக்கும். கட்டளை வந்ததும் அந்தப் பைகள் நரம்பின் ஓரத்தோடு ஒட்டி உடைந்து, ரசாயனம் வெளியே கொட்டி, சுரப்பி வேலை செய்யத் தொடங்கும். பை ஒட்டுவதற்குத் தேவையான ஸ்னாப்-25 என்ற புரதத்தை இந்த மருந்து வெட்டிவிடுகிறது. கட்டளை வந்தாலும் சுரப்பிக்குச் சேதி போவதில்லை. சுரப்பி சாவதில்லை, நரம்பும் சாவதில்லை. சில மாதங்களில் நரம்பு நுனி பழையபடி வேலைக்குத் திரும்பிவிடும். ஊசி நிரந்தரமில்லை என்பது அதன் குறை. ஏதாவது பிடிக்காமல் போனாலும் அதுவும் நிரந்தரமில்லை என்பது அதன் பாதுகாப்பு.

கெட்டது உள்ளேயே தங்கிவிடுமா? தங்காது. வியர்வை என்பது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும். கழிவை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் உரியது. வியர்வையின் வேலை உடம்பைக் குளிர்விப்பது. நம் உடம்பில் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. இரண்டு அக்குளும் சேர்ந்தாலும் அதில் மிகச் சிறிய பங்குதான். நெற்றி, முதுகு, மார்பு, கை, கால் எல்லாம் வழக்கம்போல வியர்க்கும். மதுரை வெயிலிலும் உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். அக்குளில் நின்ற வியர்வை வேறு இடத்தில் கூடுவதாகச் சிலர் சொல்வதுண்டு. பெரும்பாலும் அது லேசானது, ஊசியின் பலன் முடியும்போது அதுவும் போய்விடும்.

பலன் எவ்வளவு என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் 2001-ல் ஜெர்மனியில் 145 பேரிடம் நடத்தி வெளியிட்ட ஓர் ஆய்வு. ஒவ்வொருவருக்கும் ஓர் அக்குளில் மருந்து, இன்னோர் அக்குளில் மருந்தில்லாத வெறும் ஊசி. எந்தப் பக்கம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஊசிக்கு முன் சராசரியாக நிமிடத்துக்கு 192 மில்லிகிராம் வியர்வை. இரண்டு வாரம் கழித்து வெறும் ஊசி போட்ட பக்கம் 144, மருந்து போட்ட பக்கம் 24. அதே மனிதர், அதே வெயில், அதே பதற்றம். ஒரு பக்கம் நனைகிறது, மறுபக்கம் காய்ந்திருக்கிறது. அந்த ஆய்வில் பயன்படுத்தியது டிஸ்போர்ட் என்ற வேறொரு தயாரிப்பு. போடாக்ஸை வைத்து ஐரோப்பாவில் 320 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், நான்காவது வாரத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வியர்வை பாதிக்கும் கீழே இறங்கியது. வெறும் ஊசி போட்டவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினருக்கு அப்படி இறங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனநிலையோடு ஏறி இறங்கும் நோய் இது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் பத்தில் ஒன்பதுக்கும் உள்ள தூரம் மருந்தினுடையது.

ஊசி போடும் நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். ஒன்றிரண்டு நாள் முன்பே முடியை மழித்துவிடச் சொல்வார்கள். 24 மணி நேரத்துக்கு எதையும் பூசக் கூடாது. அன்று மாடிப்படி ஏறி வேர்க்க விறுவிறுக்கப் போகாமல், சூடான காபியும் குடிக்காமல், கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு அக்குளில் அயோடின் கரைசலைப் பூசி, காய்ந்ததும் மேலே ஸ்டார்ச் மாவைத் தூவுவார்கள். அயோடின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வியர்க்கும் இடமெல்லாம் சில நிமிடங்களில் கருநீலமாக மாறும். நான் இந்தச் சோதனையைத் தவிர்ப்பதே இல்லை. வியர்வை எப்போதும் முடி இருக்கும் இடத்தோடு நிற்பதில்லை. சிலருக்குக் கை பக்கமாக நீண்டிருக்கும், சிலருக்கு மார்பு பக்கமாக இறங்கியிருக்கும். முடி இருக்கும் வட்டத்தை மட்டும் கண்ணால் பார்த்துப் போட்டால், வெளியே விட்டுப்போன திட்டு பிளவுஸின் ஓரத்தில் சரியாக நனையும். கருநீலத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் ஒப்பிட உதவும்.

அந்தப் பகுதியில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் பத்துப் பதினைந்து புள்ளி குறித்து, முடி போன்ற மெல்லிய ஊசியால் தோலுக்குள் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் துளித் துளியாகப் போடுவார்கள். ஒவ்வொரு துளிக்கும் கொசுக்கடி மாதிரி ஒரு சிறு தடிப்பு எழும். அது எழுந்தால் மருந்து சரியான ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். வலிக்குமா? சுருக் சுருக்கென்று இருக்கும். உள்ளங்கையில் போடுவதோடு ஒப்பிட்டால் அக்குள் எவ்வளவோ தேவலை. மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்னால் பூசிக்கொள்ளலாம்; ஐஸ் வைத்தும் போடலாம். மொத்தமே பதினைந்து இருபது நிமிட வேலை. மறுநாள் வங்கிக்குப் போகலாம். அன்று மட்டும் அந்த இடத்தைத் தேய்க்காமல், ஜிம்முக்கும் வெந்நீர்க் குளியலுக்கும் போகாமல் இருங்கள். ஆஸ்பிரின் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீலமாகக் கன்றிப்போகும்.

இரண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வியர்வை குறையத் தொடங்கும். முழுப் பலன் இரண்டாம் வாரத்தில்தான் தெரியும். எத்தனை நாள் நிற்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். போடாக்ஸின் மருந்துக் குறிப்பேட்டில் உள்ள ஆய்வில், பலன் நீடித்த நாட்களை வரிசையாக வைத்தால் நடுவில் வருபவருக்கு 201 நாள், அதாவது ஆறரை மாதம். நாலு மாதத்தில் திரும்ப வந்தவர்களும் உண்டு, ஒரு வருஷம் போனவர்களும் உண்டு. ஒரேயடியாகத் திரும்பாது, மெல்ல மெல்லத்தான் கூடும். மறுபடி போட வேண்டியது, வியர்வை திரும்பவும் தொந்தரவாகும்போதுதான். தேதி வைத்துப் போட வேண்டியதில்லை.

செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இது விலை உயர்ந்த மருந்து. யூனிட் கணக்கில் விற்பனை ஆகிறது. "அக்குள் இரண்டுக்கும் சேர்த்து இவ்வளவு" என்று மட்டும் ஒரு தொகை சொன்னால் போதாது. எந்தத் தயாரிப்பு, எத்தனை யூனிட் என்று கேளுங்கள். போடாக்ஸ் என்றால் 100 யூனிட், அதாவது 100 யூனிட் குப்பி ஒன்று முழுவதும் உங்களுக்கே. குப்பியை உங்கள் கண் முன்னால் திறந்து கலக்கச் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. கலக்கிய மருந்தைக் குளிர்பதனத்தில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. டிஸ்போர்டின் யூனிட் வேறு, போடாக்ஸின் யூனிட் வேறு. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்கு வைத்துப் பேரம் பேச முடியாது. பாதி விலைக்குப் போடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் அழகு நிலையங்களில் பாதி யூனிட்தான் உள்ளே போகிறதா என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒன்றரை மாதத்தில் வியர்வை திரும்பும்போது "உங்க உடம்பு அப்படி" என்பார்கள். மருத்துவர் கையால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்குப் போடக் கூடாது என்பதும் முக்கியம். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பும் தசையும் சேருமிடத்து நோய் உள்ளவர்களுக்குக் கூடாது. அக்குளில் கட்டி, கொப்புளம், சீழ் இருக்கும்போது கூடாது. ஜென்டாமைசின், அமிக்காசின் வகை ஆன்டிபயாடிக் ஊசிகள் போட்டுக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவை இந்த மருந்தின் வேகத்தைக் கூட்டக்கூடியவை. கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் தவிர்க்கிறோம். ஊசி போட்ட பிறகு வலி, லேசான ரத்தக்கசிவு, ஓரிரு நாள் தலைவலி வருவது சாதாரணம். மருந்து பரவி விழுங்கவோ பேசவோ மூச்சு விடவோ சிரமம் வரலாம் என்ற எச்சரிக்கை இந்த மருந்துகள் எல்லாவற்றின் குறிப்பேட்டிலும் 2009-லிருந்து கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருக்கிறது. அக்குளுக்குப் போடும் அளவில் அது மிக அரிது. ஆனாலும் அப்படி ஏதாவது தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஊசி தவிர வேறு வழிகளையும் உங்களுக்கு யாராவது சொல்வார்கள். கிளைக்கோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். ஆனால் உடம்பு முழுக்கக் குறைக்கும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், சித்திரை வெயிலில் உடம்பு சூடேறும். உள்ளங்கை, உள்ளங்கால், முகம் என்று பல இடத்தில் வியர்ப்பவர்களுக்கு அவை பொருத்தம். அக்குள் மட்டும் என்றால் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. இதே வகை மருந்தைத் தோலில் பூசும் வடிவில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கொண்டுவந்திருக்கிறார்கள். மைக்ரோவேவ் கொண்டு அக்குள் சுரப்பிகளைச் சுட்டுவிடும் கருவிக்கு அமெரிக்காவில் 2011-ல் அனுமதி கிடைத்தது. பலன் நீண்ட நாளைக்கு நிற்கும், ஆனால் வீக்கமும் மரத்துப்போதலும் சில வாரம் இருக்கும், செலவும் அதிகம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மார்புக்குள் குழாய் விட்டு வியர்வை நரம்பை வெட்டிவிடும் அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறது. ஒரே தடவையில் தீர்ந்துவிடும் என்ற பேச்சைக் கேட்டு, அக்குள் வியர்வைக்காக மட்டும் அதற்குப் போகாதீர்கள். வெட்டிய பிறகு முதுகு, வயிறு, தொடை என்று வேறு இடங்களில் வியர்வை பொங்குவது அதன் மிகச் சாதாரணமான பின்விளைவு. அது சிலருக்குப் பழைய தொந்தரவைவிட மோசமாக அமையும், வெட்டிய நரம்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது. உள்ளங்கை வியர்வையால் பேனா பிடிக்க முடியாதவர்களுக்கு, மற்ற எல்லாம் தோற்ற பிறகு யோசிக்க வேண்டிய சிகிச்சை அது. உங்களுக்கு இருக்கிற பிரச்சினைக்கு அது வேண்டாம்.

வாடை பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தயங்கியிருக்கலாம். வாடை வருவது வேறொரு வகைச் சுரப்பியின் கொழுப்பு கலந்த சுரப்பைத் தோலில் உள்ள பாக்டீரியாக்கள் சிதைப்பதால். ஈரம் குறைந்தால் அந்தப் பாக்டீரியாக்களுக்கும் வசதி குறைகிறது. அதனால் ஊசிக்குப் பிறகு வாடையும் குறைந்ததாகப் பலர் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு உத்தரவாதம் தந்து ஊசி போடுவது நேர்மையல்ல.

கல்யாணத் தேதிக்கு வருவோம். அலுமினியம் குளோரைடை இன்றிரவிலிருந்தே தொடங்கலாம். அது ஒரு மாதத்தில் போதவில்லை என்று தெரிந்தால், கல்யாணத்துக்கு நாலு வாரம் முன்னால் ஊசியை வைத்துக்கொள்ளுங்கள். முந்தின வாரம் போடக் கூடாது. பலன் முழுதாக வந்திருக்காது, எங்காவது திட்டு விட்டுப்போயிருந்தால் சரிசெய்ய நேரமும் இருக்காது. நாலு வாரம் என்றால் இரண்டாம் வாரத்தில் மாவும் அயோடினும் திரும்ப வைத்துப் பார்த்து, கருத்த இடத்துக்கு மட்டும் இன்னும் சில துளி போட்டுக்கொள்ளலாம். பட்டு பிளவுஸின் ஓரம் வரை காய்ந்திருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை பற்றிய திட்டத்தையும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சீக்கிரமே வேண்டும் என்று இருந்தால், கல்யாணத்துக்கு முன் போடும் இந்த ஊசியோடு அடுத்ததை நிறுத்தி வைக்க வேண்டிவரும். அதனால்தான் பூச்சு மருந்தை ஒழுங்காகப் பழகிக்கொள்ளச் சொல்கிறேன். ஊசியின் பலன் மங்கும் மாதங்களில் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அதுதான். ஊசி போடும் அன்று அம்மாவையும் அழைத்துப் போங்கள். அவருடைய கேள்விகளை அவரே மருத்துவரிடம் நேரில் கேட்கட்டும். மாவு கருநீலமாக மாறுவதையும் பார்க்கட்டும். இத்தனை வருஷமாக நீங்கள் சொன்னது எவ்வளவு என்று அப்போது அவருக்கும் தெரியும்.